லெம் டக்கெட் விரலை மறைக்கவில்லை

லெம் டக்கெட்டின் சவப்பெட்டிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, அவன் மனைவியின் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் யார், என் லட்சணம் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பொய் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும்.

என் பெயர் ஒனேசிம் தெலாஷ். நியூ ஆர்லியன்ஸில் கனால் தெருவுக்குக் கீழே, பிரெஞ்சு பேசும் கிரியோல் குடும்பம், கறுப்பும் வெள்ளையும் கலந்த ரத்தம். சுவருக்குப் பூச்சு பூசுவது தொழில், கிளாரினெட் வாசிப்பது பெருமை. தொழிலைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். கிளாரினெட்டைப் பற்றிக் கேட்டால் உங்கள் காபி ஆறிப்போகும். சுரம் எழுதிய எந்தத் தாளை முன்னால் வைத்தாலும் முதல் பார்வையிலேயே வாசிப்பேன். எங்கள் பக்கம் அதற்குப் பெயர்தான் சங்கீதம்.

கனால் தெருவுக்கு மேலே இருந்தவர்கள் வேறு. ஆற்றோரக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், பாப்டிஸ்ட் சபைக்காரர்கள், எங்களைவிடக் கறுத்தவர்கள். ஓர் எழுத்து படிக்காமல் காதில் விழுந்ததை வாசிப்பார்கள். அதை நாங்கள் சத்தம் என்போம். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு எங்கள் இரண்டு கூட்டத்தையும் டிராமில் ஒரே பெஞ்சுக்குத் தள்ளினான். அந்தப் பெஞ்சிலும் நாங்கள் நடுவில் ஒரு சாண் விட்டு உட்கார்ந்தோம். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று அந்த ஒரு சாண் இடம்தான் என் மானம் மரியாதை எல்லாம்.

லெம்மை முதன்முதலில் பார்த்தது ஒரு வண்டிச் சண்டையில். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாத்தியக் கோஷ்டிகள் குதிரை வண்டியில் ஏறி, அன்று சாயங்காலம் எங்கே நடனம் என்று ஊருக்குள் வாசித்துக்கொண்டே போவது வழக்கம். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் போச்சு. ஜனங்கள் ஓடிவந்து இரண்டு வண்டிச் சக்கரங்களையும் சங்கிலியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கோஷ்டி தோற்கும் வரை சங்கிலியை அவிழ்க்க மாட்டார்கள்.

எங்கள் வண்டியில் ஆறு பேர், ஆறு பேர் முன்னாலும் தாள். எதிர் வண்டியில் துறைமுகத்தில் பஞ்சு மூட்டை தூக்கும் ஓர் ஆள், கையில் குட்டி எக்காளம் மாதிரி ஒரு நசுங்கிய கார்னெட்டோடு நின்றான். அவன்தான் லெம். நாங்கள் வாசித்து முடித்தபோது நாலு பேர் கைதட்டினார்கள். அவன் கார்னெட்டை மேலே தூக்கி ஓர் ஊது ஊதினான், தெருவே அவன் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வேறு. என் தாள் பறந்து குதிரையின் காலடியில் விழுந்தது. நான் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு ஊமையாக நின்றேன்.

"என்ன வாத்தியாரே, பாட்டு கீழ விழுந்துடுச்சு, குனிஞ்சு எடுங்க!" என்று அவன் டிரம்காரன் கத்தினான். தெரு முழுக்கச் சிரிப்பு. என் மானம் கப்பலேறியது.

சங்கிலியை அவிழ்த்த பிறகு லெம் எங்கள் வண்டிக்கு வந்தான். குத்திக்காட்டத்தான் வருகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரே, என்ன சுத்தமா வாசிக்கிறீங்க! நமக்கெல்லாம் அது ஏழு ஜென்மத்துக்கும் வராது. வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வண்டியில ஏறுங்களேன்" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது. ஆனால் எங்கள் கோஷ்டிக்கு அழைப்புகள் நின்றுபோயின. மூன்று மாதம் கழித்து அவன் வண்டியில் ஏறினேன், அவனுக்கு ஏதோ உபகாரம் செய்கிறவன் மாதிரி.

அந்தக் காலத்தில் சில கார்னெட்காரர்கள் வலது கை மேல் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு வாசிப்பார்கள். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்து மற்றவன் திருடிவிடுவான் என்கிற பயம். லெம் மட்டும் மூட மாட்டான். ஒருநாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே டிரம்காரன் ஸ்விட்சர் எடுத்துக்கொடுத்தான்:

"அண்ணே, கையை மூடு. வாத்தியாரு உன் விரலையே பாக்குறாரு."

"அவரா? அட போடா! பேப்பர்ல இருந்தாத்தான் அவருக்குப் பாட்டு. காதுல விழுந்தா குப்பை. அவரு எங்க திருடப் போறாரு?" என்று லெம் சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

லெம்மிடம் ஒரு பாட்டு இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, 'லெம்மோட பாட்டு' என்பார்கள். அவனிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவான். முதல் பகுதி அவன் அம்மா சபையில் முனகியது. பிரசங்கம் சூடேறும்போது பெண்கள் சொல்லே இல்லாமல் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுப்பார்கள். கரும்பு வெட்டும்போதும் அதே குரல்தான். நடுவில் வரும் சின்னக் குலுக்கல், கந்தல் துணி வாங்க வண்டியோடு வரும் கிழவன் தகரக் கொம்பில் ஊதுவது. மூன்றாவது பகுதியைக் கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் கல்யாணங்களில் ஜோடி மாற்றி ஆடுவதற்கு வாசிக்கும் பிரெஞ்சு ஆட்டப்பாட்டு.

"இதை எங்க பிடிச்சே லெம்?"

"ஏரிக்கரையில நீங்கள்லாம் விருந்து வச்சீங்களே, வேலிக்கு வெளிய நின்னு கேட்டேன். உள்ளதான் விட மாட்டீங்களே!"

இந்த மூன்றுக்கும் அடியில் ஸ்விட்சர் ஒரு தாளம் போடுவான். ஹவானாவிலிருந்து கப்பலில் வந்த மாலுமிகளிடம் பிடித்தது என்பான். அவன் அப்பாவோ, கப்பலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, அடிமைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நம் ஆட்கள் தட்டிய தாளம்தான் இது என்று சண்டைக்கு வருவார். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். இதற்கெல்லாம் இப்போது ஜாஸ் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் ஆடுகிறார்கள். எங்களுக்கு அன்று அது ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான்.

முதல் பகுதியின் முடிவில் ஓர் இடம் வரும். அங்கே லெம்மின் கார்னெட் அழும். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல், ஒரு சுரத்தைப் பிடித்து இழுப்பான். ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறியும். நான் தாள் பார்க்கிறவன் மாதிரி முகத்தைக் குனிந்துகொள்வேன்.

காதில் விழுந்தால் குப்பையா? எனக்கா? ஒரு சனிக்கிழமை மத்தியானம், பூச்சு வேலை முடிந்து வந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் உட்கார்ந்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை தாளில் எழுதினேன். ஒரே மூச்சு. காதால் பிடித்ததுதான், ஒன்றும் தப்பவில்லை. அழுகிற இடத்தில் மட்டும் தடுமாறினேன். மேல் கட்டையைப் போட்டேன், அழித்தேன். கீழ் கட்டையைப் போட்டேன், அழித்தேன். தாள் ஓட்டையாகும் போலிருந்தது. கடைசியில் கீழ் கட்டையையே போட்டு, இது போதும் என்று விட்டுவிட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். வடக்கே ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். தலைப்பில் 'இசை: ஒ. தெலாஷ்' என்று என் கையாலேயே எழுதினேன். எழுதியவன் நான்தானே என்று சொல்லிக்கொண்டேன். மூன்றில் ஒரு பகுதி எங்களுடையதுதானே என்று சொல்லிக்கொண்டேன். அவன் அம்மாவும் கந்தல் கிழவனும் மட்டும் என்ன, கையெழுத்துப் போட்டா கொடுத்தார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். சாக்குச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அச்சாகி வந்த மாதம் லெம் நெஞ்சுச் சளியில் படுத்தான். பார்க்கப் போனேன். தாள் என் கோட்டுப் பையில் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். "வாத்தியாரே, நான் எந்திரிச்சதும் புதுசா ஒண்ணு வாசிச்சுக் காட்டுறேன், என் வீட்டுக்காரி ஒடெஸ்ஸா துணி துவைக்கிறப்போ பாடுறது" என்றான். இருமல் அவனை மேலே பேச விடவில்லை. தாள் என்னோடு திரும்பி வந்தது. ஒன்பது நாளில் லெம் செத்துப்போனான்.

அடக்கத்தன்று காலையில் அவன் வீட்டு முன்னறையில் பெட்டியை வைத்திருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களுக்கு வாத்தியத்தோடு மரியாதை செய்வதற்கென்றே மாசா மாசம் சந்தா கட்டும் சங்கம் அது. எல்லோர் சட்டையிலும் பட்டைச் சின்னம், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பும் பொன்னும். அப்போது கறுப்புப் பக்கம் வெளியே தெரிந்தது.

ஒடெஸ்ஸா என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். வெளுப்புச் சோடாவில் வெந்துபோன கைகள். அந்தக் கையில் ஓர் அச்சடித்த தாள். அட்டையில் நிலா, படகு, படகில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. என் கோட்டுப் பையில் இருந்த அதே தாள்.

"கனால் தெருவுல வெளுத்த துணியைத் தூக்கிக்கிட்டுப் போறேன் வாத்தியாரே. பாட்டுக் கடைக்குள்ள ஒரு பொண்ணு பியானோ வாசிக்குது. காதைத் தீட்டிக் கேட்டா, அடி ஆத்தி, இவரு பாட்டு! பின்வாசல் வழியா போயி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். இந்த நிலாவும் படகும் எதுக்குன்னுதான் தெரியல. இவரு படகுல ஏறுனா வாந்தி எடுப்பாரு."

நான் சிரிக்க முயன்றேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க படிச்சவரு. யாரு பேரு போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பெட்டிக்குள் லெம் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. நாக்கு வேறு வேலை பார்த்தது.

"லெமுவேல் டக்கெட்னு போட்டிருக்குக்கா."

"எங்கே?"

என் பெயருக்கு அடியில் விரலை வைத்தேன். "இதோ."

"இத்துனூண்டா? லெமுவேல் டக்கெட் நீளமான பேராச்சே?"

"சுருக்கிப் போட்டிருக்காங்கக்கா."

"ஓ" என்றாள். கட்டைவிரலால் அந்த எழுத்துகளை ஒருமுறை தடவினாள். "சரி, அவரு அழுவாரே, அந்த இடம் எது?"

ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினேன். அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

"இதைப் பாத்தா அழுவுற மாதிரி தெரியலையே" என்றாள்.

பிறகு அவள் செய்ததுதான் என்னைக் கொன்றது. ஊர்வலத்தை நடத்தும் ஹோசியா பெல்லைக் கூப்பிட்டு, தாளைப் பெட்டி மேல் வைக்கச் சொன்னாள். சவ வண்டிக்குக் கண்ணாடிப் பக்கங்கள். தெருவில் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்றாள். ஹோசியா சபையில் மூப்பர், வேதம் படிப்பவர். தாளை வாங்கினார். படித்தார். கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெட்டிக்கு மூடியைப் போட்டு, தாளை அதன் மேல் வைத்து, லெம்மின் நசுங்கிய கார்னெட்டை எடுத்துச் சரியாக என் பெயர் மேல் வைத்து மூடினார்.

வெளியே வரும்போது என் காதருகே சொன்னார்: "அந்தப் பொண்ணுக்காக மூடினேன். உனக்காக இல்ல."

கல்லறைக்கு ஒன்றரை மைல். வழியெல்லாம் இழவு வாசிப்பு. டிரம்முக்கு அடியில் கைக்குட்டை செருகி ஓசையை அமுக்கியிருந்தார்கள். அந்த வாசிப்பில் மேல் குரல் கிளாரினெட்டுக்கு. நான் வாசித்தேன். பாதையோரத்துப் பெண்கள் என் வாசிப்பைக் கேட்டு அழுதார்கள். "பாவம், எப்படி உருகி வாசிக்கிறாரு பாரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கூனிக் குறுகிப்போனேன். கண்ணாடிக்குள் கார்னெட் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு மயிரளவு நகர்ந்தது. 'ஒ' தெரிந்தது. அடுத்த மேட்டில் 'தெ'யும் தெரிந்தது. ஒன்றரை மைலும் நான் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். லெம்மை நினைக்கவே இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

குழியில் இறக்கும் முன் கார்னெட்டையும் தாளையும் எடுத்து ஒடெஸ்ஸா கையில் கொடுத்தார்கள். மண் போட்டு, ஜெபம் முடிந்து, கல்லறை வாசலைத் தாண்டி வந்தோம். இனி துக்கம் இல்லை, விட்டுப்போனவனைச் சந்தோஷமாக அனுப்ப வேண்டும். சங்கத்துக்காரர்கள் சின்னங்களைத் திருப்பிக் குத்திக்கொண்டார்கள், தெருவே சிவப்பும் பொன்னுமாக ஆனது. ஸ்விட்சர் டிரம்மிலிருந்து கைக்குட்டையை உருவினான். குடைகள் விரிந்தன. கோஷ்டி லெம்மின் பாட்டை எடுத்தது.

நான் கிளாரினெட்டை உதட்டில் வைத்தேன். மூச்சு வரவில்லை.

ஒடெஸ்ஸா நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"வாசி. உன் பாட்டுதானே."

காலையில் 'நீங்க'. இப்போது 'நீ'. ஸ்விட்சரின் குச்சி அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. அடக்கம் முடிந்து திரும்புகிற வாசிப்பு பாதியில் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா..."

"காசு வாங்கும்போதே கடைக்காரப் பொண்ணு படிச்சுச் சொல்லிட்டா. 'தெலாஷ், நம்ம ஊருக்காரருதான்'னா. நான் நம்பல. அவரு பேப்பர் பாத்து வாசிக்கிறவரு, அவரு எப்படின்னு சண்டை போட்டேன். உன் வாயால கேட்டுக்கலாம்னுதான் காலையில குடுத்தேன்."

"தப்புதான்க்கா."

"நீ உன் பேரைச் சொல்லியிருந்தா, ஏதோ நெஜமாவே உன் பாட்டுன்னு நினைச்சு எழுதிட்டியாக்கும்னு விட்டிருப்பேன். நீ அவரு பேரைச் சொன்னே. அப்ப யாரு பாட்டுன்னு உனக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு."

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளக்கவில்லை.

"மூப்பரே, பென்சில் இருக்கா?" என்றாள். ஹோசியா வருகைப் பதிவுக்கு வைத்திருந்த பென்சிலைக் கொடுத்தார். பெரிய டிரம்மைக் கீழே படுக்க வைக்கச் சொன்னாள். அதன் தோல் மேல் தாளை வைத்தாள். "எழுது."

மண்டியிட்டு என் பெயரை அடித்தேன். பக்கத்தில் லெமுவேல் டக்கெட் என்று எழுதினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் டிரம் லேசாக முனகியது.

"படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"லெமுவேல் டக்கெட்" என்றேன்.

"கேக்கல வாத்தியாரே" என்றான் ஸ்விட்சர். அவன் சிரிக்கவில்லை.

கத்தினேன். யாரும் கைதட்டவில்லை. ஒடெஸ்ஸா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கோஷ்டியைப் பார்த்து, "வாசிங்கடா, அவரு காத்துக்கிட்டிருக்காரு" என்றாள். பாட்டு திரும்பவும் எழுந்தது. குடைகள் ஆடின. அழுகிற இடம் வந்தபோது கார்னெட் இல்லாத அந்த ஓட்டையை முந்நூறு தொண்டைகளும் சேர்ந்து நிரப்பின. நான் எழுதிய கட்டையில் ஒரு தொண்டைகூட இல்லை. நான் கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் நடந்தேன்.

ஒரு தாளில்தான் பெயர் மாறியது. கடைக் கண்ணாடியில் நிலாவும் படகுமாக அடுக்கியிருந்த மற்றவற்றில் எல்லாம் நான்தான் இருந்தேன். அன்றே பதிப்பகத்துக்கு உண்மையை எழுதிப் போட்டேன், பெயரை மாற்றும்படி கேட்டேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதைத் தனியாக வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. ஒடெஸ்ஸாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். இந்த ஒன்றையாவது உள்ளது உள்ளபடி படித்துக்காட்டலாம் என்று.

கொல்லைப்புறத்தில் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தாள், கையைத் துடைக்கவில்லை.

"படி" என்றாள்.

படித்தேன். அன்பார்ந்த தெலாஷ் அவர்களுக்கு. தங்கள் தன்னடக்கம் பாராட்டத்தக்கது. அச்சுத் தகடுகளை மாற்றுவது இயலாது. பாடல் நன்றாக விற்கிறது. இதே போன்ற வேறு பாடல்கள் தங்கள் கைவசம் இருந்தால் உடனே அனுப்பி வைக்கவும்.

கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஒன்றையும் மாற்றவில்லை, ஒன்றையும் சுருக்கவில்லை. அவள் ஒரு சட்டையை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"வேற எதுவும் எழுதியிருக்கா?"

"இல்லக்கா. அவ்வளவுதான்."

"சரி, போயிட்டு வா" என்றாள்.

திரும்பி வேலிக்கு வெளியே வந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வரும்போது, சந்துக்குள் நுழைகையில், அவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். துணி அடிக்கும் சத்தத்துக்கு ஏற்றாற்போல் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு பாட்டு, நான் அதுவரை கேட்டதில்லை. லெம் எழுந்ததும் வாசித்துக்காட்டுகிறேன் என்றானே, அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் வேலிப் படலைத் திறந்ததும் நிறுத்திவிட்டிருந்தாள்.

வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். துணி அடிக்கும் சத்தம் கேட்டது. நான் தெரு முனை தாண்டும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை.